விறகு பொறுக்க வந்தேனுங்க

ஏற்காட்டில் லாட்ஜ் நடத்துகிறவர்களில் அமீர் ஜானைப் போலக் கை தாராளமானவர் கிடையாது. இதை ஊர் சொன்னதோ இல்லையோ, அமீர் ஜான் உறுதியாக நம்பினார். பெருநாளைக்கு வேலைக்காரர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போசி நிறையப் பிரியாணி போகும். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். யாருக்காவது காய்ச்சல் என்றால் சட்டைப் பைக்குள் கைவிட்டு வந்ததை எடுத்து நீட்டுவார், எவ்வளவு என்றுகூடப் பார்க்க மாட்டார். வாங்குகிறவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கோணுமுங்க பாய்" என்பார்கள். அந்த வார்த்தைக்கு மனிதர் உருகிவிடுவார். ஆனால் இ.எஸ்.ஐ. என்று யாராவது வாயெடுத்தால் போதும், முகம் சுருங்கிவிடும்.

விஷயம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் முதலாளி அவர்களை இ.எஸ்.ஐ.யில் சேர்த்து மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். நோய் வந்தால், வேலையில் அடிபட்டால், வைத்தியம் அதில் நடக்கும். படுத்துக் கிடக்கிற நாளுக்குக் கூலியில் ஒரு பங்கும் வரும். கட்டாவிட்டால் அபராதம். அமீர் ஜானின் லாட்ஜில் ரூம் கூட்ட, துணி துவைக்க, மெஸ்ஸில் சமைக்க என்று பதினாலு பேர் இருந்தார்கள். காகிதத்தில் ஒன்பது பேர்தான்.

"மாசாமாசம் அழுவறதுக்கு, மாட்டுனா ஒரு தடவ ஃபைனக் கட்டிட்டுப் போலாமுங்க பாய். அதுவும் மாட்டுனாத்தானே?" என்று வழிகாட்டியவர் பக்கத்து லாட்ஜ் டோமினிக். நல்ல புத்தி சொன்னால் நாலு நாள் யோசிக்கிற அமீர் ஜான், இதை அன்றைக்கே பிடித்துக்கொண்டார்.

மாட்டாமல் இருக்க மலையே ஒத்தாசை செய்தது. குப்பனூர் வழியாக ஒரு சுற்றுப் பாதை இருந்தாலும், சேலத்திலிருந்து வருகிற ஆபீசர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அடிவாரத்தைத் தாண்டித்தான் வருவார்கள். அங்கே அமீர் ஜானின் மனைவி ரபியாவுடைய தம்பி அஜ்மல் பழக்கடை போட்டிருந்தான். அரசாங்க வண்டியைக் கண்டதும் போன் அடிப்பான். "மச்சான், வண்டி ஏறிருச்சு." அந்த வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி மேலே வந்து சேர்வதற்குள், காகிதத்தில் இல்லாத ஐந்து பேரும் சமையலறை வழியாகப் பின்பக்கம் இறங்கிக் காப்பித் தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அமீர் ஜானே சொல்லிக் கொடுத்திருந்தார்: "விறகு பொறுக்க வந்தேனுங்க." முதலில் எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது. போகப்போகத் துணி காயப்போடுவது மாதிரி அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. டோமினிக் லாட்ஜ் ஆட்களும் அதே தோட்டத்துக்குள்தான் வருவார்கள். இரண்டு கூட்டமும் செடி மறைவில் உட்கார்ந்து வெற்றிலை மாற்றிக்கொள்ளும்.

ரபியாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"ஏங்க, ஏழைங்களுக்கு ஜகாத்த மட்டும் கணக்குப் பாத்துக் குடுக்கறீங்க. இதையுங் கட்டிட்டா என்னவாம்?"

"என் ஆளுங்கள நான் பாத்துக்குவேன். நடுவுல கவர்மென்ட் எதுக்கு?"

"நீங்க குடுத்தா கையெடுத்துக் கும்புடுவாங்க. கார்டு இருந்தா ஆசுபத்திரிக்கு நேரா போயிருவாங்க, உங்களக் கும்புட வேண்டியதில்ல. அதானே உங்களுக்குக் கஷ்டம்?"

அமீர் ஜான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுக் குடித்திருப்பார். இத்தனைக்கும் தனக்கும் ரபியாவுக்கும் மகள் ருக்சானாவுக்கும் தனியார் கம்பெனியில் ஒரு மருத்துவப் பாலிசி எடுத்து, வருஷம் தவறாமல் கட்டிக்கொண்டுதான் இருந்தார். அங்கே நடுவில் யாரும் வந்ததாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஆடி மாதம் ஒரு நாள், விடாத சாரலில் போன் வந்தது. வண்டி ஏறிவிட்டது. கண்ணாயி பின்கட்டில் போர்வை அலசிக்கொண்டிருந்தாள். கிளியூர்க்காரி, ஐம்பதைத் தாண்டியவள், ஆறு வருஷமாக இந்த லாட்ஜின் அழுக்கை வெளுத்தவள்.

"மழயா இருக்குதுங்களே பாய். குடோனுக்குள்ள உக்காந்துக்கட்டுங்களா?"

"குடோனத் தொறந்து பாப்பாங்க. போங்க கண்ணாயி, போங்க. செத்த நேரந்தான்."

கண்ணாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மெஸ்ஸில் சமைக்கிற காமாட்சி கூட்டத்தோடு இறங்கினாள்.

ஆபீசர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வருகைப் பதிவேடு கேட்கவில்லை, ஆளை எண்ணவில்லை. அவருடைய சகலை குடும்பத்தோடு ஏற்காடு பார்க்க வருகிறாராம். ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு ரூம் வேண்டும், கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் பாய், அவ்வளவுதான். அமீர் ஜானுக்கு உயிர் திரும்பி வந்தது. மிளகாய் பஜ்ஜியும் டீயும் கொண்டுவரச் சொன்னார்.

அப்போதுதான் கீழே தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணின் அலறல் வந்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும் வந்தது. பஜ்ஜியை எடுத்த ஆபீசரின் கை நின்றது.

"என்னங்க பாய் அது?"

அது யார் குரல் என்று அமீர் ஜானுக்குத் தெரியும். தெரியாமல் என்ன, ஆறு வருஷமாகத் தினமும் காலையில் கேட்கிற குரல்.

"எஸ்டேட்ல பொம்பளைங்க விறகு பொறுக்க வருவாங்க சார். கொரங்கு கிட்ட வந்திருக்கும், அதான் கத்துதுங்க."

ஆபீசர் சிரித்தார். அமீர் ஜானும் சிரித்தார். பிறகு சத்தம் வரவில்லை. ஒன்றுமில்லை, வழுக்கி உட்கார்ந்திருப்பாள், எழுந்துவிட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. "இன்னொண்ணு எடுத்துக்குங்க சார்" என்று தட்டை நகர்த்தினார். ஆபீசர் மூடுபனியைப் பற்றிப் பேசினார், பலாப்பழ விலையைப் பற்றிப் பேசினார், ஆற அமர டீயைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

வண்டி கேட்டைத் தாண்டியதும் அமீர் ஜான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். தண்ணீர் போக வெட்டியிருந்த பள்ளத்தில் கண்ணாயி கிடந்தாள். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மற்ற பெண்கள் சேலை முந்தானைகளை அவளுக்கு மேலே விரித்துப் பிடித்து மழையில் நின்றார்கள். ஆபீசர் போகிற வரைக்கும் தூக்கிக்கொண்டு மேலே வரக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். அமீர் ஜான்தானே பழக்கியிருந்தார்.

"மூணாவது வாட்டி கத்தப் போனாளுங்க பாய். நாந்தான் வாயப் பொத்திப் புடிச்சனுங்க," என்று காமாட்சி அழுதாள்.

அமீர் ஜான் பள்ளத்துக்குள் இறங்கினார். பொத்தியது காமாட்சியின் கைதான், ஆனால் அது யாருடைய கை என்று அவருக்குத் தெரிந்தது.

அவரே லாட்ஜ் வேனை ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் கண்ணாயி சேலையைக் கடித்துக்கொண்டு முனகினாள். அடிவாரத்தில் வேகம் குறைந்தபோது, அஜ்மல் கடையிலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். தப்பிச்சீங்களா மச்சான் என்று அர்த்தம். அமீர் ஜான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் தொடை எலும்பு முறிந்திருந்தது, பிளேட் வைக்க வேண்டும். சின்ன வயது டாக்டரம்மா, எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டாள்.

"விறகு பொறுக்கப் போனனுங்க. வழுக்கிருச்சு."

"எங்கேயாவது வேலைக்குப் போறீங்களா? இ.எஸ்.ஐ. ஏதாவது இருக்கா?"

"வேலயெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. ஊட்லதான்."

"அப்ப இவரு யாரு?"

"அவருங்களா? மேல லாட்ஜ் வெச்சிருக்காருங்க. நொம்பத் தங்கமான மனுசன். நாங் கெடக்கறதப் பாத்துட்டுத் தூக்கிட்டு வந்தாருங்க."

டாக்டரம்மா அமீர் ஜானை நிமிர்ந்து பார்த்தாள். "இந்தக் காலத்துல யாரு சார் இப்படிச் செய்யறாங்க?"

அதற்குள் கண்ணாயியின் புருஷன் மாதப்பன் கிளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். கொய்யாத் தோட்டத்து மண் காலில் அப்படியே இருந்தது. வந்ததும் மனைவியைக்கூடப் பார்க்காமல் அமீர் ஜானின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கோணுமுங்க பாய்" என்றார். எத்தனையோ தடவை கேட்டு உருகிய வார்த்தை. இன்றைக்கு உடம்பெல்லாம் கூசியது. செருப்பால் அடித்திருந்தால் இதைவிட நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பார்.

"டாக்டரம்மா," என்றார். "அவங்க சொல்றது பொய்ங்க. என் லாட்ஜ்லதான் வேல செய்யறாங்க. ஆபீசருக்குப் பயந்துட்டு நாந்தான் மழைல தோட்டத்துக்குள்ள ஒளிஞ்சுக்கச் சொன்னேன். கத்துனது எனக்குக் கேட்டுது. கேட்டும் நான் போகல."

டாக்டரம்மாவின் முகத்திலிருந்த மரியாதை அப்படியே இறங்கியது. "அப்ப அதைத்தான் எழுதணும். வேலையிலே அடிபட்டதுன்னு. உங்க பேரு வரும்."

"எழுதுங்கம்மா."

கண்ணாயி கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். வலியில் முகம் கோணியது. "பாய், என்னத்துக்குங்க? நான் ஒண்ணுமே சொல்லலைங்களே! நீங்க சொல்லிக் குடுத்தபடிதானே சொன்னேன்!"

அமீர் ஜான் கட்டிலருகே வந்தார். "எல்லாரையும் இ.எஸ்.ஐ.ல சேத்தறேன் கண்ணாயி. பதினாலு பேரையும். ஃபைன் எவ்வளவு போட்டாலும் கட்டறேன். உங்க கால் செலவும் கூலியும் என் பொறுப்பு. இனிமே யாரும் தோட்டத்துக்குள்ள எறங்க வேண்டியதில்ல."

அவர் சொன்னது எதுவும் கண்ணாயியின் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. கண்ணில் பயம் மட்டும் இருந்தது. இவ்வளவு பேச்சும் தன்னை வேலையை விட்டு நிறுத்துவதற்குத்தான் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"என்னைய நிறுத்திராதீங்க பாய். காலு கூடுனதும் வந்தர்றனுங்க. தப்பு என்ற மேலதானுங்க. ஆபீசரு உள்ளார இருக்கறது தெரிஞ்சும் கத்திப்புட்டேன். அடுத்த தடவ கத்த மாட்டனுங்க."

"நானுஞ் சொல்லி வெக்கறனுங்க," என்றார் மாதப்பன்.