குண்டடத்துக்குப் போகாத செய்தி

வீரபாண்டியில் இருக்கும் பனியன் கம்பெனியின் மேல்மாடி அறையில் அன்று நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கம் மேனேஜர் மகுடேஸ்வரன். அவருக்கு வலது கைப்பக்கம், லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கும் அருள்குமார். எதிரில், கதவை ஒட்டிய நாற்காலியில் நான். என் பக்கத்தில் என் மகன் தனபால். இன்னொரு நாற்காலியும் போட்டிருந்தார்கள். அது என் மகள் கலைமகளுக்கு. அவள் வரமாட்டாள் என்று தெரிந்ததால் தனபால் அதில் ஹெல்மெட்டை வைத்திருந்தான்.

எதற்காகக் கூடினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி மருதம்மாள் ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். கலைமகள் அப்போது இந்தக் கம்பெனியின் குண்டடம் யூனிட்டில் தையல் லைனில் இருந்தாள். அங்கே ஹாஸ்டல் பெண்களின் போனை வார்டன் வாங்கி வைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைதான் கையில் கிடைக்கும். இடையில் வீட்டிலிருந்து ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வீரபாண்டி ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டும். அவர்கள் கம்ப்யூட்டரில் அடிப்பார்கள். குண்டடம் ஹாஸ்டல் வாசலில் இருக்கும் திரையில் பெயரோடு வரும். செய்தி சேர்ந்துவிட்டால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பச்சைக் குறி விழும்.

அந்தப் புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு மருதம்மாளுக்கு இன்னும் பேச்சு இருந்தது. என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க, பன்னெண்டுக்கு மேல ராகு காலமுங்க. அதுக்கு முந்தியே அம்மிணியப் பொறப்படச் சொல்லுங்க" என்றாள். தனபால் உடனே வராந்தாவுக்குப் போய், தங்கச்சியைப் புறப்படச் சொல்லி ஆபீசுக்குப் போன் செய்தான். மத்தியானம் மறுபடியும் கேட்டான். "பச்சை விழுந்திருச்சுங்க, போய்ச் சேந்திருச்சு" என்று பதில் வந்தது. நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவள் வரவில்லை. மருதம்மாள் ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் தலையைத் திருப்பினாள். நர்ஸ் வந்தாலும் திருப்பினாள். வந்துகொண்டிருக்கிறாள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

உயிர் போன பிறகு, தங்கச்சிக்கு இன்னொரு செய்தி சொல்லிவிடு என்றேன். "வர்ற மனசிருந்தா மொதச் செய்திக்கே வந்திருப்பாளுங்கப்பா" என்று தனபால் மறுத்துவிட்டான். நானும் அதற்கு மேல் பேசும் நிலையில் இல்லை. மறுநாள் பால் வண்டிக்காரர் ஒருவர் சொல்லித்தான் கலைமகளுக்குத் தெரிந்தது. அவள் யூனிபார்ம் கோட்டோடு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

"எனக்கு யாருமே சொல்லலயே!" என்று வாசலில் நின்று கத்தினாள்.

"பச்சை விழுந்திருக்குது. பாத்துப்போட்டு ஓவர்டைம் பாத்துட்டு இருந்தியாக்கும்? இனி இந்த ஊட்டுக்கு வராதே" என்றான் தனபால், பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும்.

அவள் கைகால்கூட நனைக்காமல் திரும்பிப் போனாள். குண்டடத்து வேலையை விட்டு, பெங்களூரில் ஏதோ கம்பெனியில் சேர்ந்தாள். நம்பரையும் மாற்றிவிட்டாள்.

இப்போது அருள்குமார் எங்களை வரச் சொல்லியிருந்தார். வேறொரு பெண்ணின் லீவுக் கணக்கு ஒத்துவரவில்லை என்று பார்க்கப்போய், வீரபாண்டியில் இருக்கிற ஒரு செய்தி குண்டடத்தில் இல்லாததைக் கண்டுபிடித்திருக்கிறார். அது எங்கள் செய்தி.

"இல்லாமப் போகுமுங்களா? பச்சை விழுந்துச்சே!" என்றான் தனபால்.

"பச்சை விழுந்தது இங்க இருக்கற சர்வர்லீங்க" என்றார் அருள்குமார். "இங்க எழுதறத பல்லடத்துல இருக்கற சர்வர் பாத்து எழுதிக்கும். பல்லடத்தப் பாத்துக் குண்டடம் எழுதிக்கும். சங்கிலி மாதிரிங்க. குண்டடம் நேரா எங்களக் கேக்காது."

"அப்பறம்?"

"வர்ற செய்திய மொதல்ல ஒரு டெம்பரரி டேபிள்ல போட்டு வெப்போம். அரை மணிக்கு ஒருக்கா அதுலிருந்து நெரந்தர டேபிளுக்கு மாத்துவோம். பல்லடமும் அதையேதான் செய்யும். ஆனா டெம்பரரி டேபிள் மிஷின் ஓடற வரைக்குந்தாங்க இருக்கும். நிறுத்தினா அழிஞ்சிரும். அன்னைக்கு நடுவால இருக்கற பல்லடத்து மிஷினை நிறுத்திப்போட்டமுங்க."

தனபால் நெற்றியைத் தேய்த்தான். நான், "சித்த இருங்க தம்பி" என்றேன். பால் சொசைட்டியில் காலம் தள்ளியவன் நான். எனக்குத் தெரிந்த மாதிரி சொல்லிப் பார்த்தேன். "மூணு ஊர்ல மூணு பேரு சிலேட்டும் நோட்டும் வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. மொத ஆளு சிலேட்டுல எழுதினதும் நடு ஆளும் எழுதிட்டான். பொறவு 'சிலேட்டுல இருக்கறத நோட்டுல ஏத்து'ன்னு சொல்றதுக்குள்ள, நடு ஆளு சிலேட்டக் கழுவிப்போட்டான். அப்படித்தானுங்க?"

"அதேதானுங்கய்யா. ஏத்தச் சொன்னப்போ, 'அப்படி ஒரு சிலேட்டே இல்லை'ன்னு பல்லடம் நின்னுபோச்சு. புரொடக்‌ஷன் ரிப்போர்ட் காத்துட்டு இருந்துச்சு. அந்த ஒண்ண உட்டுப்போட்டு மேல போன்னு நாந்தான் சொன்னேன். பல்லடம் எழுதாதது குண்டடத்துக்குப் போகாதுங்க."

"எதுக்கு நிறுத்துனீங்க?" என்று கேட்டான் தனபால்.

அருள்குமார் மேனேஜரைப் பார்த்தார். மகுடேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பல்லடத்துல புது யூ.பி.எஸ். மாத்தினோமுங்க" என்றார் அருள்குமார். "நிறுத்தறதுக்கு ஒரு மொறை இருக்குதுங்க. மொதல்ல காப்பி எடுக்கறத மட்டும் நிறுத்திப்போட்டு, டெம்பரரி டேபிள் எத்தன தொறந்திருக்குதுன்னு பாக்கோணும். சைபர்னு வந்தாத்தான் மிஷினை நிறுத்தலாம். இல்லீன்னா மறுபடி ஓடவிட்டு, பொறவு பாக்கோணும். அன்னைக்கு ஒண்ணுன்னு காட்டுச்சு. கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா சைபர் ஆயிருக்குமுங்க. ஆனா…"

"நாந்தாஞ் சொன்னேன்" என்றார் மகுடேஸ்வரன். "தேங்கா பழமெல்லாம் வெச்சுட்டு எல்லாரும் நின்னுட்டு இருந்தமுங்க. பன்னெண்டு அடிச்சா ராகு காலம். அதுக்கு முந்தி புது மிஷின்ல சுச்சு போட்டாகோணும். ஒண்ணுதானே, நிறுத்தப்பான்னேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபப்பட எனக்கு வழியில்லாமல் போயிற்று. அந்தச் செய்தி பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் அங்கே வந்து நின்றதே மருதம்மாள் ராகு காலம் பார்த்ததால்தான். காலையிலேயே சொல்லியிருந்தால் போயிருக்கும். ராகு காலம் கழியட்டும் என்று விட்டிருந்தாலும் போயிருக்கும். நல்ல நேரத்தில் மகள் புறப்பட வேண்டும் என்று அவளும், நல்ல நேரத்தில் மிஷின் ஓட வேண்டும் என்று இவர்களும் அவசரப்பட்டிருக்கிறார்கள்.

தனபால் எழுந்து ஜன்னலிடம் போனான். "அவ சொன்னது நெசம்ப்பா" என்றான். "யாரும் சொல்லலன்னாளே… அது நெசம்ப்பா."

மகுடேஸ்வரன் ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். கம்பெனி பெயர் போட்ட தாள். தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணத்தால் செய்தி சேரவில்லை, வருந்துகிறோம் என்று அடித்திருந்தார்கள்.

"தவிர்க்க முடியாததுன்னு போடாதீங்க" என்றேன். "பொறுத்திருந்தா தவிர்த்திருக்கலாமுங்க. என்ற மகளுக்கு நடந்தது தெரியோணும்."

"ராகு காலத்தையெல்லாம் எழுதோணுமுங்களா? மொதலாளி பாத்தா…"

"நீங்க எழுத வேண்டாமுங்க. நானே எழுதிக்கறேன்."

அருள்குமார் அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் தன் கையால் நான்கு வரி எழுதினார். நிறுத்தியது நான், உங்கள் அண்ணன் செய்தி சொன்னது உண்மை, நீங்கள் பார்க்காததும் உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் நான் எழுத உட்கார்ந்தேன். விலாசத்தை அவளோடு ஹாஸ்டலில் தங்கியிருந்த தமிழ்மதி கொடுத்திருந்தாள். சிலேட்டுக் கணக்கை வரிசையாக எழுதினேன். யார் எப்போது என்ன செய்தார்கள் என்பதையும் ஒன்று விடாமல் எழுதினேன். அது வரைக்கும் பேனா நிற்கவில்லை.

அம்மா கதவைப் பார்த்ததை எழுதுவதா, வேண்டாமா என்ற இடத்தில் நின்றுவிட்டது. எழுதினால் அவளால் தாங்க முடியாது. எழுதாவிட்டால், அம்மா தன்னைத் தேடவேயில்லை என்று நினைத்துக்கொள்வாள். கடைசியில் இப்படி எழுதினேன்: 'கண்ணு, உன்ற அம்மா உன்னைக் கேட்டாள். நீ வந்துகொண்டிருக்கிறாய் என்று நான் சொன்னேன். அதை நம்பித்தான் கண்ணை மூடினாள். பச்சை விழுந்ததை நானும் நம்பித்தான் சொன்னேன்.'

தனபால் காபி டம்ளரோடு வந்து பின்னால் நின்று படித்தான்.

"நீயும் ஒரு வரி எழுது" என்றேன்.

"என்னன்னு எழுதறதுங்கப்பா? வராதேன்னு ஊரே கேக்கச் சொன்னேன். வான்னு இங்க ஓரத்துல எழுதறதுங்களா?"

பேனாவை வாங்கினான். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு, 'அம்மிணி, ரெண்டாவது செய்தியை நான் சொல்லவே இல்லை. அதுக்கு எந்த மிஷினும் காரணமில்லை' என்று மட்டும் எழுதிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். வா என்று எழுதவில்லை. எழுதச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ஊத்துக்குளி போஸ்ட் ஆபீசில் கூட்டமில்லை. அருள்குமாரின் தாளை உள்ளே வைத்து, பசை தடவி, ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினேன். ஸ்பீட் போஸ்ட் என்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண் விலாசத்தை அடித்துக்கொண்டே, "வாங்கறவங்க செல் நம்பர் சொல்லுங்க" என்றாள்.

"இல்லீங்க."

"யாருங்க அவங்க?"

"மகளுங்க."

அவள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "செரி, உங்க நம்பரையே போட்டுக்கறனுங்க" என்று ஸ்டிக்கரை ஒட்டி, உறையைப் பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் போட்டாள்.