மரத்துப்போன நாக்கு

பல் டாக்டரைக் கூட்டிப்போகச் சபையிலிருந்து கார் வந்து நின்றபோது அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். அவருடைய ஒரே தங்கை படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. அம்மா அழுது பார்த்தாள், இவர் சண்டை போட்டுப் பார்த்தார்; வாசல் கேட்டைத் தாண்ட விடவில்லை. இப்போது சபையின் தலைவரான ஐயாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி என்றதும் ராஜமரியாதை. போகிற போக்கில் அவளையும் கையோடு அழைத்து வந்துவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டு கருவிப் பெட்டியைத் தூக்கினார்.

உள்ளே கால் வைத்ததும் அந்த வீராப்பு கொஞ்சம் இறங்கியது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாம்பல் நிற உடுப்பில் ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு இருமல், ஒரு முணுமுணுப்பு இல்லை. மடியில் கிடந்த குழந்தைகள்கூட சும்மா இருந்தன. ஐயாவுக்கு வலி வந்ததிலிருந்து இவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று கூட வந்தவன் காதோடு சொன்னான். தம் கிளினிக்கில் நாலு பேரை வரிசையாக உட்காரவைக்கவே தொண்டை கிழியக் கத்துகிறவர் டாக்டர். செருப்புச் சத்தம் தமக்கே கூச்சமாக இருக்க, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஐயாவின் அறைக்கு வெளியே மந்திரி இருந்தார். டிவியில் மேஜையைத் தட்டிப் பேசுகிற அதே மந்திரி, வெறுந்தரையில் சம்மணம் போட்டு. தேர்தல் நெருங்கிவிட்டது, யாருக்கு ஓட்டு என்று ஐயா அன்றைக்குச் சொல்லப்போகிறார். சபைக்கு எல்லா ஊரிலும் ஆள் உண்டு. ஐயா கைகாட்டியவர் இதுவரை தோற்றதில்லை. போன இரண்டு தடவையும் கைகாட்டியது இந்த மந்திரியைத்தான். எதிர்த்து நிற்கும் பள்ளிக்கூட டீச்சரும் காலையிலேயே வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருந்தாராம்.

அறைக் கதவு திறந்தது. தங்கை நின்றாள். வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற பெண். மந்திரி அவளைக் கண்டதும் எழப்போனார். அவள் ஒரு விரலை லேசாகத் தாழ்த்தினாள். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“வாங்கண்ணா,” என்றாள், நேற்றுத்தான் பார்த்ததுபோல.

ஐயா கட்டிலில் சுருண்டு கிடந்தார். ஒல்லிக் கிழவர், ஒரு கன்னம் பன் ரொட்டிபோல வீங்கியிருந்தது. ஊசியைக் கண்டதும் டாக்டரின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மரத்துப்போக ஊசி போட்டு, முரண்டு பிடித்த பல்லை ஒருவழியாகப் பிடுங்கி முடித்தபோது, ஐயா ஏதோ சொன்னார். நாக்கு மரத்திருந்ததால் குழறலாகத்தான் வந்தது. ஆனால் மரத்த வாய்களோடு பேசியே பழகிய டாக்டருக்குச் சந்தேகமில்லை. தண்ணீர் கேட்டார்.

தங்கை குனிந்து கேட்டாள். டம்ளரை உதட்டில் வைத்து ஒரு வாய் புகட்டினாள், துண்டால் மோவாயைத் துடைத்தாள். பிறகு கதவைத் திறந்து வெளியே போய், குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“ஐயா சொல்லிட்டாங்க. டீச்சரம்மா.”

அத்தனை ஜனமும் ஒரே மூச்சில் எழுந்தது. தரை அதிர்ந்தது டாக்டரின் உள்ளங்காலில் தெரிந்தது. மந்திரி முகத்தில் ஈயாடவில்லை. அவளைக் கும்பிட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து போனார். டாக்டர் திரும்பி ஐயாவைப் பார்த்தார். எல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது. கூரையைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு ஒரு வேலை ஒழிந்தவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

தங்கை வந்து கதவைச் சாத்தியதும் டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

“அவரு தண்ணிதானே கேட்டாரு?”

“ஆமா. குடுத்தேனே.”

“அப்ப டீச்சர்?”

“வெளிய அத்தனை பேர் உக்காந்திருக்காங்கண்ணா. ஒரு பேரைச் சொல்லித்தானே ஆகணும்? ஐயாவுக்கு இப்பல்லாம் பேரே ஞாபகம் இருக்கறதில்ல.” டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “மந்திரியும் ரெண்டு தடவை இருந்தாச்சு.”

அதில் பெருமையும் இல்லை, குற்ற உணர்வும் இல்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு டாக்டருக்கு மறந்தே போயிற்று. அம்மா அவளைப் பார்க்கத் தவிக்கிறாள் என்று மட்டும் சொன்னார். கூட்டி வாருங்கள், கேட்டில் சொல்லிவைக்கிறேன் என்றாள் அவள்.

கார்வரை வந்து வழியனுப்பினாள். அவள் நடக்க நடக்க ஜனம் விலகி வழிவிட்டது. கிழவர்கள்கூடத் தலை தாழ்த்தினார்கள். இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கைக்குப் பக்கத்தில் நடக்கத் துணியாமல் டாக்டர் ஓரடி பின்தங்கியே வந்தார்.

வாக்குப்பதிவு நாளில் அவருக்கு முன்னும் பின்னும் சாம்பல் உடுப்புகள் வரிசையில் நின்றன. யாரும் யாரோடும் பேசவில்லை. நடந்தது என்னவென்று அந்த வரிசையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். உள்ளே போனார். டீச்சருக்கே போட்டுவிட்டு வந்தார்.

டீச்சர் அமோகமாக ஜெயித்தார்.