சீனிமுகம்மது எங்கே போகிறார்

என் மனிசன் சீனிமுகம்மதுக்கு அறுபத்திரண்டு வயது. அந்த வயதில் ஒரு மனிதன் விடியச் சுபஹு தொழுத கையோடு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல், வெளுத்த சாரனை உடுத்திக்கொண்டு, சம்மாந்துறைப் பக்கம் போகிற வயல் ரோட்டில் ஒவ்வொரு நாளும் நடந்தால் பெண்சாதி என்ன நினைப்பாள்? நான் அதைத்தான் நினைத்தேன்.

வேலைக்குப் போகிறார் என்று சொல்லவும் வழியில்லை. வயலை எங்கள் மகள் சுல்பிகாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று. மருமகன் உழவு மெசின் பிடித்து உழுகிறார். "நீங்க சும்மா இருங்க மாமா" என்று மருமகன் சொன்ன நாளிலிருந்து இவர் கதிரையில் இருந்தார். ஒரு போகம் முழுக்க இருந்தார். சோற்றைப் பிசைவார், தின்னமாட்டார். மழை பெய்தால் கண் கலங்குவார். கேட்டால் "ஒண்டுமில்ல" என்பார். கடைசியில் கல்முனைக்குப் போய் அப்போதிக்கரி செபரட்ணம் ஐயாவிடம் ஒரு போத்தல் கலக்கு மருந்து வாங்கி வந்தார். மறுநாள் இந்த நடை தொடங்கியது.

அடுத்த வீட்டு உம்மு ஊர்ப் புதினம் பொறுக்குவதில் கெட்டிக்காரி. புதன்கிழமை வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"ராத்தா, உங்கட ஆள் எங்க போறார்?"

"ஏன், கேட்ட ஆக்களுக்குச் சொல்லிட்டுத்தானே போறார்."

"அதத்தான் சொல்றன். திங்கக்கிழம நெல்லு மில்லுக்கெண்டு சொன்னவராம். மில்லுப் பக்கம் ஆள் போகவே இல்ல. நேத்து மாடு பாக்கப் போறனெண்டு சொல்லியிருக்கார்."

மாட்டுக் கதை எனக்கும் தெரியும். அதைக் கேள்விப்பட்ட மாட்டு வியாபாரி நூஹு காக்கா விற்கலாமென்று விடியவே இரண்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். ஒன்று என் முருங்கைக் கன்றைத் தின்றது. அவரை அனுப்பி வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உம்மு குரலைத் தாழ்த்தினாள். "புருசன் மௌத்தான பொண்டுகள் சம்மாந்துறையில கனபேர் இருக்காங்க ராத்தா."

எங்கள் ஆண்களுக்கு இன்னொரு நிக்காஹ் முடிக்க என்ன தடை? வீடு என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது, அது எங்கேயும் போகாது. அவர் போய்விடுவாரே. நாற்பது வருசம் ஒரே பாயில் கிடந்துவிட்டு, இந்த வயதில் நான் யாரோடு சண்டை பிடிப்பேன்?

ஆனாலும் ஒன்று விளங்கவில்லை. கள்ளத்தனம் செய்கிறவன் இப்படி வேர்த்து விறுவிறுத்து, முழங்கால் மட்டும் புழுதியோடு வருவானா? அத்தர்கூடப் பூசுவதில்லை. வந்ததும் இரண்டு கோப்பை சோறு தின்கிறார். முகத்திலும் ஒரு களை இருந்தது. அந்தக் களைதான் என்னை இன்னும் போட்டுக் குழப்பியது.

வியாழக்கிழமை முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

ரோட்டில் கண்டவர்கள் என்னையும் விடவில்லை. "எங்க ராத்தா, நடந்து?"

"மௌத்து வீட்டுக்கு."

"ஆரு மௌத்து?"

கொல்லுவதற்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை. தூரத்துச் சொந்தம் என்றேன். அடுத்தவர், அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பின்னேரம் அசறுக்குப் பிறகு என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

இரண்டு கட்டை தூரம் போயிருப்போம். வாய்க்கால் மதகடிக்கு வந்ததும் அவர் நின்றார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு திரும்பினார். வீடு இல்லை, வாசல் இல்லை, ஒருத்தியும் இல்லை. சுற்றிவரப் பச்சை வயல்தான். திரும்பினவர் என்னைக் கண்டு அப்படியே நின்றார்.

"அவள் எங்க?" என்றேன்.

"எவள்?"

"பின்ன என்னத்துக்கு இஞ்ச வாறீங்க?"

"நடக்க."

"எங்க?"

"எங்கயுமில்ல. இவ்வளவு தூரம் வந்து திரும்பி நடக்கிற." தலையைக் குனிந்துகொண்டார். "அப்போதிக்கரி ஐயா சொன்னவர். மருந்து பாதி, நடை பாதியெண்டு. நெஞ்சில கல்லு மாதிரி ஒண்டு இருந்திச்சு. இப்ப கொஞ்சம் இறங்கியிருக்கு."

"எனக்கிட்டச் சொன்னா என்ன?"

"சும்மா நடக்கிறனெண்டு சொன்னா கிறுக்கெண்டு சொல்லமாட்டீங்களா?"

சொல்லியிருப்பேன்தான். வேலையில்லாமல் ரோட்டில் நடக்கிறவனை எங்கள் ஊரில் வேறு என்ன சொல்வார்கள்? அவர் முன்னால் போக, நான் பத்தடி பின்னால் வந்தேன். சந்தோசப்படுவதா, கோபப்படுவதா என்றே தெரியவில்லை.

அன்றைக்கு நானும் இரண்டு கோப்பை சோறு தின்றேன். இன்னொன்றும் நடந்தது. அடுப்படியைச் சுல்பிகா கையில் கொடுத்த நாள் முதல், அசறு தொழுததும் எனக்கு ஒரு அழுகை வரும். காரணம் கிடையாது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுது முடிப்பேன். அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் நான் சொல்லவில்லை. அன்று அழுகை வரவில்லை. காத்துக்கொண்டுகூட இருந்தேன். வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்தேன், அழுகை வந்தது.

சனிக்கிழமை விடிய அவர் வெளிக்கிட்டார். நான் வேலிக் கடப்படியில் நின்றேன். கால் இரண்டும் போகவேண்டும் என்று நிற்கின்றன. ஒரு பொம்புளை என்ன சொல்லிக்கொண்டு ரோட்டில் இறங்குவது? நாளுக்கொருவரை மௌத்தாக்க முடியுமா? அவர் வளைவில் மறைந்துபோனார். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், அந்த மதகடியில் ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இருந்திருந்தால், அவரைக் காவல் பார்க்க என்று சொல்லி நானும் ஒவ்வொரு நாளும் போயிருக்கலாம்.