சோப்பு காய்ச்சிய பாட்டு

எர்னஸ்டுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. வந்ததெல்லாம் காது வழியாகத்தான். சித்தூரில் வெள்ளைக்கார அதிகாரிகள் கூடும் கிளப்பில் சனிக்கிழமை தோறும் நடனம் உண்டு. அங்கே பிடில் வாசிக்கப் போவான். மதராஸிலிருந்து வரும் பாட்டுக்காரர்களுக்குப் பின்னால் நின்று வில்லை இழுத்துக்கொண்டே பாட்டையும் வாங்கிக்கொள்வான்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து அவன் மனைவி ஞானசௌந்தரி அடுப்பு மூட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதையே வாசித்துக் காட்டுவான்.

"இன்னிக்கு பில்லோன்னு ஒண்ணு கொண்டாந்துக்கீறேன், சௌந்தரி. தலவாணிக்கு அதான் பேரு."

இப்படித்தான் ஸ்பூன், பட்டன், அம்பரெல்லா எல்லாம் அந்த வீட்டுக்குள் நுழைந்தன. மழை வந்தால் குடை எங்கே என்று அவள் பாடித்தான் கேட்பாள். அவனும் பாடித்தான் பதில் சொல்வான். பக்கத்து வீட்டுக் கங்கம்மாள், "புருசன் பொஞ்சாதி சண்டைகூட ராகத்துலதான் போடுதுங்க" என்பாள்.

ஒரு வாரம் அவன் கொண்டுவந்த பாட்டில், ராச்சாப்பாட்டுக்கு அம்மா சோப்பு காய்ச்சினாள் என்று ஓர் அடி வந்தது. ஞானசௌந்தரி மிஷன் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுப்பவள். விடுதியில் காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு வைக்கும் சூப்பு அவளுக்குத் தெரியும். சிரிப்பை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டாள்.

"இன்னாத்துக்குச் சிரிக்கிற? சாப்பாட்டுக்கு முந்தி சோப்பு போட்டு கை கழுவறது இல்லியா? அதத்தான் சொல்றான்."

"ஒண்ணுமில்லீங்க. இன்னொரு வாட்டி பாடுங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் கண்ணை மூடிக்கொண்டு அதை அப்படிப் பாடுவது அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

அந்த வருஷம் பள்ளியில் கிறிஸ்துமஸ் கச்சேரி. பாடுவதாக இருந்தவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, பாதிரியாரின் மனைவி எர்னஸ்டைக் கூப்பிட்டாள். அவன் பிடிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்தப் பாட்டையே எடுத்தான். சோப்பு வந்ததும் முன்வரிசை வெள்ளைக்காரிகள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்கள். மரியாதைக்காக அடக்கினார்கள். பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்துதான் முதல் சிரிப்பு வெடித்தது. வீட்டில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு ஞானசௌந்தரியை மீறி வந்துவிட்டது. பிறகு கூடமே அதிர்ந்தது. அவன் நிறுத்தவில்லை. கடைசி அடி வரை பாடி, வணங்கி, இறங்கினான்.

வீட்டுக்கு நடக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டான்.

"உனுக்கு முன்னமே தெரியுமா?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "தெரியும்" என்றாள்.

அதோடு கிளப்புக்குப் போவதை விட்டான். திருப்பதியில் நாகையாவின் பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, சனிக்கிழமை மட்டும் ரயிலேறி வந்துபோனான். பள்ளியில் அவளைச் சின்ன வகுப்புக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போட்டார்கள். அவளிடம் இருந்தது அவன் கொடுத்த சொற்கள்தான். அவன் மெட்டிலேயே அவற்றைப் பாடிக் காட்டினாள். பிள்ளைகள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டன.

"பிள்ளைங்க பிடில் கேக்கணும்னுதுங்க. ஒரு நாள் வந்து வாசிங்களேன்."

"கடையில தெலுங்கு போதும், சௌந்தரி. அதுல எனுக்குத் தப்பு வராது."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். அவன் நிதானமாகச் சொன்னான்.

கோடை விடுமுறையில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பதிக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டே போனாள். கடைவாசலில் ஒரு வெள்ளைக்காரி நின்று பக்கெட் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டேஷன் கூலிக்குக்கூடத் தெரிந்த சொல். எர்னஸ்ட் தலையை ஆட்டி, தனக்கு விளங்கவில்லை என்று கையை விரித்து, உள்ளே பார்த்து நாகையாவைக் கூப்பிட்டான். வாளிகள் அவன் முழங்காலை ஒட்டி அடுக்கியிருந்தன.

ஞானசௌந்தரி தெருவிலேயே நின்றுவிட்டாள். அவன்தான் அவளைப் பார்த்து இறங்கி வந்தான்.

"எப்ப வந்த? வெயில்ல நின்னுக்கினு கீறியே."

பக்கத்து ஓட்டலில் இலை போட்டதும் அவள் சொன்னாள். "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதுங்க. முன்னயே சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க."

"அது எப்பவோ போச்சி. ஆறிப்போவுது, துன்னு" என்று குழம்பை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவன் மனதில் வன்மம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. சாகும்வரை அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டில் மழை வந்தபோதெல்லாம் குடை எங்கே என்று அவள் பாடாமல் சும்மாதான் கேட்க வேண்டியிருந்தது.