மண்ணைத் தின்ற துரை

தெமோதரைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலை கட்ட இடம் பார்க்க ஒரு துரை வந்தார். பள்ளத்தில் நான் வெட்டிய குழிக்குள் இறங்கி, களிமண்ணைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். பிறகு கொஞ்சம் மண்ணைச் சீசாத் தண்ணீரில் கரைத்து வைத்தார். அடியில் மணல் தங்கியது. மேலே படிந்த களியில் ஏதோ மின்னியது.

"காக்காப்பொன்னு," என்றார். "மலைப்பாறை கரைஞ்சு வந்தது. குழிச்சுவத்துல பாரு, வரி வரியா இருக்கு. ரொம்பக் காலம் முந்தி இங்க தண்ணி தேங்கி நின்னிருக்கு. வெள்ளத்துக்கு ஒரு வரி. இந்த மண்ணு சுவரத் தாங்காது."

எங்கள் கங்காணி சடையன் நம்பவில்லை. "மாணிக்கத்தக் கண்டுட்டான்டா. இல்லாட்டி எவன் மண்ணத் தின்பான்?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. தொழிற்சாலையைப் பாறைமேட்டுக்கு மாற்றியதும், மாணிக்கத்துக்காகத்தான் பள்ளத்தை ஒதுக்குகிறார்கள் என்று சந்தேகம் உறுதியாகிவிட்டது. நாங்கள் குடியிருக்கப் புது லயத்து வீடுகளை அந்தப் பள்ளத்திலேயே கட்ட வேண்டும் என்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் பிடிவாதமாக நின்றோம்.

குடிபோன நாளிலிருந்து வீட்டுக்குள் தோண்டினேன். களிதான் வந்தது. ஐப்பசி மழையில் சுவர் பிளந்தது.

அன்று நாங்கள் கேட்டதும் தோட்டத்துப் பெரிய துரை மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். அதை மட்டும் எங்களில் ஒருவரும் சந்தேகப்படவில்லை.