ஒரு நூலும் நுழையாது

கிழக்கு வெளுக்கும்போதே இன்னாசித்தம்பி கதவணையின் கடற்பக்கத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றார். பல்லுக்கிடையில் உளி. தோளில் எண்ணெயும் குங்கிலியமும் ஊறிய பஞ்சுத் திரி, ஒரு கையில் மரச் சுத்தியல். ஐப்பசிக் குளிரில் கால்கள் விறைத்துவிட்டன. விரல்நுனி மட்டும் விழித்திருந்தது. அது பலகை மூட்டுகளைத் தடவித் தடவிப் போனது. தண்ணீர் எங்கே உள்ளிழுக்கிறதோ அங்கே ஓட்டை. வள்ளத்தின் பலகை மூட்டுகளில் திரியடைத்துக் கலப்பத்து அடிக்கிறவன் ஓட்டையைக் கண்ணால் தேடுவதில்லை.

பக்கத்தில் செபநாயகமும் சுபாஸும் நின்றார்கள். அந்தக் கரையில் கலப்பத்து அடிக்கத் தெரிந்தவர்கள் இந்த மூன்று பேர்தான். அதிலும் இன்னாசித்தம்பியின் கைக்கு நிகரில்லை.

கதவணை அவர் பிறக்குமுன்பே கட்டியது. கடல்நீரேரிக்குள் உப்பு ஏறாமலிருக்கக் கட்டினார்களாம். ஆனால் பலகைகள் என்றைக்கும் கசிந்துகொண்டுதானிருந்தன. அந்தக் கசிவால்தான் ஏரி உயிரோடிருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாட்டில் கறண்டே இல்லாத அந்த வருசம் ஐஸ் உருகி, பிடித்த மீனெல்லாம் கரையிலேயே நாறியது. அதற்குப் பிறகுதான் நண்டைப் பதப்படுத்தி விற்கும் நண்டுக் கொம்பனி வந்தது. ஏரி நிறைய மிதவை கட்டி, அதன்மேல் சூரிய ஒளித் தட்டுகளைப் பரப்புவோம், கொம்பனிக் குளிர் அறைக்குப் போக மிச்சக் கறண்டு ஊருக்கு என்றார்கள். ஊர் கைதட்டியது. இன்னாசித்தம்பியும் தட்டினார். தண்ணீர் மட்டம் குறையக்கூடாது, உப்பும் வரக்கூடாது, கசிவை அடைக்க ஆள் வேண்டும் என்றபோது, வேறு யாரிடம் போவார்கள்?

அவர் அடைத்தார். மறுவருசமே ஏரியில் இறால் அருகிப்போனது. அதற்கடுத்த வருசம் அடியோடு இல்லை. இடுப்பளவு தண்ணீரில் தொழில் பழகிய இளைஞர்கள் கடன்பட்ட படகுகளில் ஆழக்கடலுக்குப் போனார்கள். ஆவணிக் காற்றில் ஒரு படகு கவிழ்ந்தது. மூன்றாம் நாள் கரையொதுங்கிய உடலைச் சட்டையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். அது ஜெயசுதன், இன்னாசித்தம்பியின் ஒரே மகன்.

நடுக் கதவின் மூன்றாம் பலகையில் விரல் நின்றது. தண்ணீர் இழுத்தது. அவர் உள்ளங்கையை வைத்துப் பொத்தினார். புறங்கையில் ஏதோ மெல்லக் குத்தியது. ஒன்று, பத்து, பிறகு எண்ணமுடியாமல். குனிந்து பார்த்தார். தலைமயிரளவு இறால் குஞ்சுகள். மாரிக்கு ஏரிக்குள் போய் வளர வந்தவை, அவருடைய கையைச் சுற்றி வழி தேடிக்கொண்டிருந்தன. போன வருசமும் அதற்கு முந்தின வருசமும் இவை இங்கேதான் முட்டிமுட்டிச் செத்திருக்கும். இவ்வளவு கெட்டிக்காரக் கை ஏன் வாய்த்ததென்று அந்த மனிதருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. உளியைத் துப்பினார். அது தண்ணீருக்குள் போய்விட்டது.

"என்ன இன்னாசியண்ணை, கை நிக்குது?" கதவணையின் மேலிருந்து கொம்பனி மனேச்சர் லயனல் கேட்டார்.

"இனி அடைக்கமாட்டன் தம்பி."

"விளையாடாதேங்கோ. வத்துப்பெருக்கிலை கடல் இறங்கேக்கை ஏரித் தண்ணி வடிஞ்சால் தட்டெல்லாம் சேத்திலை குந்திவிடும். உப்புப் பட்டால் மிதவைக் கம்பியெல்லாம் கறள் பிடிச்சு உக்கிப்போகும்."

"சேத்திலை குந்தாத மிதவையாய்ச் செய்யுங்கோ," என்றார் பக்கத்திலிருந்து குஞ்சுகளைக் கண்டுவிட்ட செபநாயகம். "கறள் பிடிக்காத கம்பி போடுங்கோ. எஞ்சினியர்மார் உங்களிட்டைத்தானே இருக்கினம்? மாரி மூண்டு மாசம் இறால் குஞ்சு உள்ளுக்கு வரக் கதவைத் திறந்து விடுங்கோ. நாங்கள் வேறை ஒண்டும் கேக்கேல்லை."

லயனல் சிரித்தார். "கறண்டில்லாட்டி நண்டுக் கொம்பனி பூட்டுப்படும். நாப்பது பொம்பிளையளின்ரை சோறு. இன்னாசியண்ணை, உங்கடை மருமகளும் அங்கைதானே நிக்கிறா?"

அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. அதே நேரம் கதவணைப் பாதையால் காலைவேலைக்குப் போகும் பெண்கள் சைக்கிள்களில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஜெயசுதனின் மனைவி றஜிதா. மகன் போன பிறகு இன்னாசித்தம்பி அவளுடைய முகத்தை நேரே பார்த்ததில்லை. அவளும் கைக்குழந்தையும் சாப்பிடுவது அந்தக் கொம்பனிச் சம்பளத்தில்தான். சுபாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

றஜிதா சைக்கிளைச் சாத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். "என்ன மாமா?"

"பிள்ளை, நான்..." அவருடைய உள்ளங்கை இன்னும் பலகையிலேயே இருந்தது. "நான்தான் அடைச்சனான். இதை அடைக்காட்டி அவன் ஏன் ஆழக்கடலுக்குப் போறான்?"

"அது எனக்குத் தெரியாதெண்டே நினைச்சியள்?"

அவர் நிமிர்ந்தார்.

"கடலுக்குப் போன அண்டு விடியவும் அவர் உங்களைப் பற்றித்தான் கதைச்சவர். 'அப்பா அடைச்சால் ஒரு நூலும் நுழையாது' எண்டு பெருமையாய்ச் சொல்லிப்போட்டுத்தான் படகேறினவர்."

இன்னாசித்தம்பி கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். அறுபது வயது மனிதர், ஊர் பார்க்க, குழந்தைபோல விம்மி விம்மி அழுதார். ஒருவரும் தடுக்கவில்லை.

றஜிதா லயனல் பக்கம் திரும்பினாள். "எங்கடை சோத்தைச் சொல்லி இவரை வெருட்டாதேங்கோ ஐயா. இறாலோடை ஏரி நண்டும் இல்லாமல்போக, மன்னாரிலையிருந்து நண்டை லொறியிலை ஏத்திறியள். அந்தச் செலவைச் சொல்லி எங்கடை சம்பளத்தைக் குறைச்சியள். கறண்டு வேண்டாமெண்டு ஆரும் சொல்லேல்லை. இருட்டிலை இருந்து பாத்தனாங்கள். ஆனால் உங்கடை கறண்டுக்கு எங்கடை வீட்டு ஆம்பிளையளைத் தர ஏலாது."

"நாளைக்குக் குருநகரிலையிருந்து ஆள் கொண்டுவாறன்," என்றார் லயனல், தொலைபேசியைக் கையில் எடுத்தபடி.

"அங்கை என்ரை மச்சான்தான் கலப்பத்து," என்றான் சுபாஸ், முதன்முறையாக வாய் திறந்து. "உங்கடை போன் கோலுக்கு முன்னம், வரவேண்டாமெண்டு நான் போய்க் கதைப்பன்."

வேலைக்குக் கூப்பிடும் கொம்பனிச் சங்கு ஊதியது. பெண்களில் குணலட்சுமி என்றொருத்தி தலையுறையைக் கழற்றிச் சைக்கிள் கூடைக்குள் போட்டுவிட்டுக் கதவணைக் கட்டின்மேல் குந்தினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குந்தினார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று ஒருத்திக்கும் தெரியாது.

றஜிதா கொம்பனிச் சீருடையோடு தண்ணீருக்குள் இறங்கினாள்.

"எங்கை மாமா அந்த ஓட்டை?"

இன்னாசித்தம்பி அவளுடைய கையைப் பிடித்து மூன்றாம் பலகைக்குக் கொண்டுபோனார். தன் உள்ளங்கையை எடுத்துவிட்டு, அவளுடைய விரல்களை அந்த மூட்டில் வைத்தார். தண்ணீர் இழுத்தது. மயிரளவு உயிர்கள் விரல்களை உரசிக்கொண்டு போயின. செத்தவீட்டிலும் அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

"போகுது மாமா," என்றாள். "உள்ளுக்குப் போகுது."

சங்கு இரண்டாம் தடவை ஊதியது. கதவணைக் கட்டின்மேல் இருந்தவர்கள் ஒருவரும் எழும்பவில்லை.