காலிக் குழாய்

மூன்றாவது குழாயில் தண்ணீர் வரக் கூடாது. என்றைக்காவது வந்தால் மற்ற இரண்டும் அடைத்துக்கொண்டன என்று அர்த்தம். அது காலியாகவே நிற்க வேண்டும். நிற்பதுதான் அதன் வேலை.

சரண்யாதேவி இதை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே எதிரில் வீரபாகு அண்ணாச்சி என்னவோ பேசி முடித்திருந்தார். உதடு நின்றதை வைத்துத்தான் பேச்சு முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

"என்ன தாயி, சொன்னது காதுல விழுந்துச்சா?"

"இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி."

துறைமுகச் சாலையில் அவருடைய புது ஓட்டல் பூச்சு வேலை வரைக்கும் வந்திருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் எட்டாயிரம் லிட்டர் கண்ணாடித் தொட்டி வைத்து, அதற்குள் ஒரு பவளப்பாறைக் கடலையே கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. கடலிலிருந்து பவளம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் பாறை வார்ப்பு. மீன்கள் மண்டபம் ஊர்ப் பண்ணையில் பொரித்தவை. தண்ணீராவது கடல்போல ஓய்வில்லாமல் அலைய வேண்டும். தொட்டியில் வழிந்து, கீழ்த்தளத்துப் பம்ப் அறைக்கு இறங்கி, சுத்தமாகி, திரும்ப மேலே ஏற வேண்டும். மணிக்கு ஐந்து முறை. அந்தக் குழாய்ப் பாதையை வரைந்து கொடுப்பது சரண்யாவின் வேலை. தண்ணீர் கீழே இறங்க இரண்டு குழாய், அவை அடைத்தால் தொட்டி பொங்கி வழியாமலிருக்க மூன்றாவது. வரைவது அவள், பொருத்துவது கணவன் பாண்டியராஜன் என்று எட்டு வருஷம் நடந்தது. இப்போது வரைவது மட்டும்.

தொட்டி ஈசான மூலையில்தான் இருக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொன்னார். நகர்த்தினாள், குழாயில் நான்கு எல்போ வளைவு கூடியது, பம்பின் அளவும் கூடியது. தண்ணீர் இறங்கும் சளசளப்பு சாப்பிடுகிறவன் காதில் விழக் கூடாது என்றார். அதற்கும் வழி செய்தாள். எதையும் அவள் மறுக்கவில்லை. மறுக்க உள்ளே யாராவது இருக்க வேண்டும்.

இப்போது அண்ணாச்சியின் விரல் வரைபடத்தில் மூன்றாவது குழாயின் மேல் இருந்தது.

"'காலி'ன்னு எழுதியிருக்கியே, கட நடத்துதவன் எடத்துல அந்தச் சொல்லு ஆகுமா? எங்க வீட்டுல அரிசி தீந்தாகூட நெறஞ்சுபோச்சுன்னுதான் சொல்லுவோம். வெள்ளிக்கெழம இந்தப் படத்த சாமி முன்னால வச்சுத்தான் வேலய ஆரம்பிக்கப் போறோம். இதத்தான குழாயிலயும் எழுதி ஒட்டுவாங்க? 'நெறகுழாய்'னு மாத்திரு."

சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து மக்ரூன் தின்றுகொண்டிருந்த சுடலைமாடன் நிமிர்ந்தார். பம்ப் அறையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் அண்ணாச்சி. எம் மண்டையில முடி நெறஞ்சுபோயி பத்து வருசமாச்சு."

அண்ணாச்சி சிரித்தார். சரண்யாவும் சிரிப்பதுபோல வாயை அசைத்தாள்.

பதினோரு மாதத்துக்கு முன்பு, ஒரு மத்தியானம், இறால் குஞ்சு பொரிக்கும் இடத்திலிருந்து காவலாளி போன் பண்ணினான். "தொட்டி நெறஞ்சுபோச்சு, ஒடனே வாங்க." பாண்டியராஜனும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்ட அர்த்தத்தில்தான் அவன் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டான். "தொட்டி வத்திருச்சாம். மோட்டாரு வெறுமன ஓடிக்கிட்டு கெடக்கும்," என்று அவளிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். காவலாளி சொன்னது நிஜமாகவே நிறைந்துபோனதைத்தான். வழிந்த தண்ணீரில் மோட்டார் ஒயர் கிடந்தது. ஜன்னல் இல்லாத அறை. காய்ந்த தரை என்று நினைத்து அவன் காலை வைத்தான்.

அவள் அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அலுத்துப்போய் அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூட அவளுக்குத் தெரிவதில்லை.

அவள் சுடலைமாடனின் கால்களைப் பார்த்தாள். புதுத் தரை என்பதால் செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். குதிகால் வெடிப்பில் சிமெண்ட் வெள்ளையாகப் படிந்திருந்தது. குழாயில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு அந்தக் கால்களோடுதான் அவர் கீழே நிற்பார்.

"ஒரு சொல்லுதான தாயி," என்று அண்ணாச்சி பேனாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "ஒனக்கு முடியாதுன்னா வேற ஆள வச்சு வரஞ்சுக்கிடுதேன். மனசுல வச்சுக்கிடாத."

கடற்காற்றில் வரைபடத்தின் ஓரம் படபடத்தது. சரண்யா பேனாவை எடுத்தாள். மூடியைப் போட்டு அழுத்தி, காகிதம் பறக்காமலிருக்க அந்த ஓரத்தின் மேல் வைத்தாள்.

"தொட்டிய நீங்க சொன்ன மூலையில வச்சுட்டேன் அண்ணாச்சி. சத்தமும் வராது," என்றாள். "சொல்லு மட்டும் காலின்னே இருக்கட்டும்."